விசைப்பலகை மருத்துவம்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருத்தேரை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். ஆடிப்பூரத்தன்று ஆயிரக்கணக்கானோர் வடம்பிடிக்க அத்தேர் அசைந்து வருகின்றது. அத்துணைப் பெரிய தேரின் ஓட்டம் கைக்குள் அடங்கும் அச்சாணியைப் பொறுத்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முன்னோர் மொழி. கணிப்பொறி என்னும் தேருக்கும் அத்தகைய அச்சாணி ஒன்று உண்டு. அதுவே விசைப்பலகை. 1980களில் இல்லங்களுக்குள் முதன்முதலாகப் புகுந்த சிறிய கணிப்பொறிகளில் அந்த அச்சாணி எவ்வாறு பழுதுறுகின்றது, அப்பழுதை எவ்வாறு அறிவது, எவ்வாறு நீக்குவது என்பதே இவ்வுரையின் பொருள்.

இலக்கிய வட்டத்தில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். ஏடும் எழுத்தாணியும், இறகும் மையும், அச்சுக்கோப்பாளரின் ஈய எழுத்தும், தட்டச்சுப்பொறியும் எவ்வாறு எழுத்தின் கருவிகளோ, அவ்வாறே விசைப்பலகையும் எழுத்தின் கருவியாகும். எழுத்தைப் போற்றுவோர் எழுதுகருவியைப் புறக்கணித்தல் தகாது. அன்றியும், பழுதுற்ற விசைப்பலகையைச் சீராக்கும் கலை, தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு அயலான கலை அன்று. அது எங்ஙனம் என்பது பின்னர் விளங்கும்.

இல்லம் புகுந்த கணிப்பொறி

இங்கிலாந்தில் சிங்கிளேர் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் இசட்.எக்ஸ். 81 என்னும் சிறு பொறியையும், 1982 ஏப்ரலில் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் பொறியையும் வெளியிட்டது. ஆக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ 1981ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் கொமடோர் 64 பிறந்த ஆண்டு 1982. இவற்றுக்குத் தனித்திரை தேவையில்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே நினைவேடு.

இந்திய மண்ணிலும் இவற்றின் தடம் பதிந்துள்ளது. 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தை ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கியது. அப்பள்ளிகளுக்கு வழங்கப்பட்டவை பி.பி.சி. மைக்ரோ பொறிகளே. பின்னர் அரசுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அப்பொறியை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் இந்நாட்டிலேயே உருவாக்கியது. டெசிபெல்ஸ் என்னும் இந்திய நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ் பொறியை உரிமம் பெற்று 1986இல் சந்தைக்குக் கொணர்ந்தது. 1990ஐ ஒட்டி அச்சந்தை ஒடுங்கிற்று. அக்காலத்துப் பிள்ளைகளிற் பலர் கணிப்பொறியின் முகத்தை முதலிற் கண்டது இவற்றின் வாயிலாகவே.

இன்றைய மேசைக் கணினியில் விசைப்பலகை தனி உறுப்பு. பழுதுற்றால் கழற்றி எறிந்து வேறொன்றைச் செருகிவிடலாம். பழைய வீட்டுக் கணிப்பொறியில் அவ்வாறன்று. விசைப்பலகையும் பொறியும் ஓருடல். பலகை செத்தால் பொறி ஊமையாகின்றது. உள்ளே உயிர் இருக்கும். திரையில் ஒளி இருக்கும். ஆனால் ஓர் ஆணையும் இட இயலாது. ஆகவே, இவற்றில் விசைப்பலகையைப் பழுதுபார்த்தல் என்பது பொறியின் வாயைத் திறத்தலாகும்.

பாவும் ஊடையும், உயிரும் மெய்யும்

பழுது அறிய வேண்டுவோர் முதற்கண் அமைப்பை அறிதல் வேண்டும். ஸ்பெக்ட்ரம் பொறியில் 40 விசைகள் உள்ளன. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு கம்பிகள் என்றால் 80 கம்பிகள் தேவைப்படும். ஆனால் அப்பொறியின் பலகையிலிருந்து உள்ளே செல்லும் கம்பிகள் 13 மட்டுமே. எங்ஙனம்?

இராஜபாளையத்தார்க்கும் அதனை அடுத்த சத்திரப்பட்டியார்க்கும் இது எளிதில் விளங்கும். மருத்துவமனைகளுக்குச் செல்லும் கட்டுத்துணி நெய்யும் ஊர் சத்திரப்பட்டி. தறியில் பாவு நூல் நெடுக ஓடுகின்றது. ஊடை நூல் குறுக்கே ஓடுகின்றது. இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கண்ணி பிறக்கின்றது. விசைப்பலகையும் அவ்வாறு நெய்யப்பட்ட துணியே. ஸ்பெக்ட்ரத்தில் பாவு 8; ஊடை 5. எட்டையும் ஐந்தையும் பெருக்க 40 சந்திகள். ஒவ்வொரு சந்தியின் மேலும் ஒரு விசை. வழக்கமாகப் பாவும் ஊடையும் தொடாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். விரல் அழுத்தும்போது அச்சந்தியில் மட்டும் இரண்டும் தொடும். பொறி ஒவ்வொரு பாவிலும் முறையே மின்குறி அனுப்பி, எந்த ஊடையில் அது தோன்றுகின்றது என்று பார்க்கின்றது. இத்தேடலை ஒரு நொடியில் 50 முறை செய்கின்றது.

தமிழ் கற்றோர்க்கு இதனினும் அணுக்கமான உவமை உண்டு. உயிர் 12, மெய் 18. இந்த 30ஐக் கொண்டு 216 உயிர்மெய்களைப் படைத்துக்கொண்டது தமிழ். நெடுங்கணக்குப் பலகையில் மெய் ஒருபுறமும் உயிர் ஒருபுறமுமாக நிறுத்தி, இரண்டும் கூடும் கட்டத்தில் உயிர்மெய்யை எழுதிப் பயின்றவர்களே இங்குள்ளோர் அனைவரும். பொறியியலார் ‘அணி’ என்று கூறும் அமைப்பும் இதுவே. கொமடோர் 64இல் பாவு 8, ஊடை 8, சந்திகள் 64. சிக்கனம் ஒன்றே, பயன்படும் பொருள் வேறு.

இந்த உவமை அலங்காரத்துக்காகக் கூறப்பட்டதன்று. பழுதை அறியும் முறை முழுவதும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

நோயும் நோயின் முதலும்

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, பின்னரே மருந்தில் கைவைக்க வேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் ஒழுங்கு. விசைப்பலகைக்கும் அதுவே நெறி. திருப்புளியை எடுப்பதற்குமுன் தாளும் எழுதுகோலும் எடுத்தல் வேண்டும். பலகையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்த்து, பேசாதவற்றைக் குறித்தல் வேண்டும். பிறகு அம்மௌனம் எவ்வடிவில் அமைந்திருக்கின்றது என்று நோக்க வேண்டும்.

நெடுங்கணக்குப் பலகையில் ‘கு’ என்னும் ஓர் எழுத்து மட்டும் அழிந்திருந்தால், அக்கட்டத்தில் மட்டுமே பிழை. ககர வரிசை முழுவதும் அழிந்திருந்தால், ‘க்’ என்னும் மெய் போயிற்று என்பது பொருள். கு, சு, டு, து என்று உகர ஏறிய எழுத்துகள் மட்டும் எல்லா வரிசையிலும் அழிந்திருந்தால், போனது உகரம். அவ்வாறே ஸ்பெக்ட்ரத்தில் ஒரு விசை மட்டும் பேசாவிட்டால், குறை அவ்விசையின் சந்தியில் உள்ளது. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி என்னும் ஐந்தும் ஒருசேர மௌனமானால், ஐந்து விசைகளும் தனித்தனியே கெட்டன என்று மயங்கலாகாது. எட்டுப் பாவுகளில் ஒன்று அறுந்தது. 1, 0, க்யூ, பி, ஏ, எண்டர், கேப்ஸ் ஷிஃப்ட், இடைவெளி விசை என எட்டு விசைகள் பலகையின் நான்கு மூலையிலும் சிதறிக் கிடந்தும் ஒருங்கே மௌனமானால், ஐந்து ஊடைகளில் ஒன்று அறுந்தது. சிதறிக் கிடப்பனவற்றுள் உறவு காண்பதே இம்மருத்துவத்தின் முதற்பாடம்.

இவ்வோர் ஊடை அறுவதால் விளையும் கேட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒலிநாடாவிலிருந்து ஒரு நிரலை ஏற்ற, முதலில் ஜே விசையை அழுத்த வேண்டும். ‘லோடு’ என்னும் ஆணைச்சொல் முழுமையாகத் திரையில் வரும். பின்னர் சிம்பல் ஷிஃப்ட் விசையுடன் பி விசையை இருமுறை அழுத்தி மேற்கோட்குறிகள் இட வேண்டும். இறுதியில் எண்டர். பி, எண்டர் ஆகிய இரண்டும் அந்த ஒரே ஊடையைச் சார்ந்தவை. மயிரிழை போன்ற ஒரு விரிசல், ஒரு குடும்பத்தின் நாடாக்கள் அனைத்தையும் திறக்கவொண்ணாத பெட்டிகளாக்கிவிடுகின்றது. நாடாவில் குறையில்லை, பொறியின் மூளையில் குறையில்லை, வாயிலில் மட்டுமே குறை.

அழுத்தாத எழுத்து தோன்றுதல் மற்றொரு நோய். அணியில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒருசேர அழுத்தினால், நான்காம் மூலையின் எழுத்தும் பொய்யாகத் தோன்றும். இது பழுதன்று, அமைப்பின் இயல்பு. ஆனால் ஒரு விசை உள்ளே சிக்கி அழுந்தியே கிடக்குமானால், இப்பொய்த் தோற்றங்கள் இடையறாது நிகழ்ந்து, பலகை முழுவதும் பித்துற்றதுபோல் தோன்றும். ஆகவே, பலகை முழுவதும் கெட்டது என்று கூறுமுன், அழுந்திக் கிடக்கும் விசை ஒன்று உண்டா என்று தடவிப் பார்த்தல் வேண்டும்.

குறை பலகையிலா, உள்ளிருக்கும் மின்சுற்றிலா என்று பிரித்தறிவது அடுத்த படி. ஸ்பெக்ட்ரத்தில் பலகையின் நாடாவால்களைக் கழற்றிவிட்டு, அவை நுழைந்திருந்த செருகுவாய்களில் ஒரு பாவுக்கும் ஓர் ஊடைக்கும் இடையே ஒரு சிறு கம்பியைக் கணநேரம் தொடுவித்தால் உரிய எழுத்து திரையில் தோன்றும். தோன்றினால் பொறி நலமாக உள்ளது; நோய் பலகைக்கே. தோன்றாவிட்டால் உள்ளிருக்கும் டயோடு, மின்தடை, அல்லது சில்லு ஆகியவற்றில் குறை தேட வேண்டும். மருத்துவத்தின் பாதி இந்த ஒரு கம்பியில் முடிந்துவிடுகின்றது.

மூவகை உடல், மூவகை நோய்

விசைப்பலகைகள் யாவும் ஓரினத்தன அல்ல. ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளுக்கு அடியில் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் உள்ளன. அவற்றில் மின்கடத்தும் மையால் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். இடையே துளையிட்ட மூன்றாம் தாள் இரண்டையும் பிரித்து நிற்கும். இவ்வடுக்கினை மென்படலம் எனலாம். அதிலிருந்து நீளும் இரண்டு வால்களே பொறியுள் நுழைகின்றன. ஒன்றில் 8 தடங்கள், மற்றொன்றில் 5. ஆண்டுக்கணக்கில் பொறியின் உள்வெப்பத்தில் வெந்து, இவ்வால்கள் முதிர்ந்த பனையோலைபோல் நொறுங்கும் தன்மை அடைகின்றன. அக்கினி நட்சத்திரக் காலத்தில் கரிசற்காட்டு வெப்பமும் அதனோடு சேர்கின்றது. மேல்மூடியோடு பலகை ஒட்டியிருப்பதால், அறியாதார் மூடியை வெடுக்கெனத் தூக்கும்போது வால் ஒடிந்துவிடுகின்றது. ஸ்பெக்ட்ரம் பிளஸ் பொறியில் விசைகள் 58, படலமும் சிக்கலானது, ஆதலின் நோயும் மிகுதி.

கொமடோர் 64இல் ஒவ்வொரு விசைத் தண்டின் அடியிலும் கரி கலந்த ஒரு ரப்பர்க் குமிழ் உள்ளது. அது கீழுள்ள அட்டையின் தடங்களைத் தொடும்போது இணைப்பு உண்டாகின்றது. இங்கு முறிவு அரிது, படிவே பெரும்பகை. விரலின் எண்ணெய்ப்பசை, தூசி, பஞ்சுத் துகள் ஆகியன மெல்லிய ஏடுபோல் இடையிற் படிகின்றன. நூற்பாலைகளின் ஊரான இராஜபாளையத்தில் பஞ்சுத் துகளின் நுழைவாற்றலை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பால்கோவா உண்ட விரல் கழுவப்படாமல் விசையைத் தொடுமாயின், நெய்யும் சர்க்கரையும் ஒருங்கே சேர்ந்த படிவு கிடைக்கும்!

பி.பி.சி. மைக்ரோவில் ஒவ்வொரு விசையும் தனித்தனி உலோக இணைப்பான், அட்டையில் பற்றவைக்கப்பட்டது. உடலுறுதி மிக்கது. ஆயினும் உள்ளிருக்கும் உலோகத் தகடுகளில் களிம்பு ஏறுவதும், சுருள்வில் தளர்வதும், பற்றுவாய் விரிசல் காண்பதும் உண்டு.

மருந்து

மின்னிணைப்பை நீக்கிச் சிறிது நேரம் ஆறவிட்ட பின்னரே பொறியைத் திறத்தல் வேண்டும். கழற்றும் திருகாணிகளை அவை இருந்த இடத்தின் ஒழுங்கிலேயே ஒரு தாளில் குத்தி வைத்தல் நன்று. கொமடோரின் பலகையைப் பிரிக்க இருபதுக்கு மேற்பட்ட சிறு திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருக்கும்; ஷிஃப்ட் லாக் விசையின் இரண்டு கம்பிகளைப் பற்றவைப்பிலிருந்து விடுவிக்கவும் வேண்டும். விசைகளைக் கழற்றுமுன் அவற்றின் ஒழுங்கை வரைந்துகொள்ளல் இன்றியமையாதது.

படிவு நோய்க்கு மருந்து ஐசோபுரோப்பைல் ஆல்ககால். மருத்துவமனையில் ஊசிபோடுமுன் தோலைத் துடைக்கப் பயன்படும் அதே நீர்மம் இது. எண்ணெய்ப்பசையைக் கரைத்து, தான் சுவடின்றி ஆவியாகிவிடும். இதனை எதனால் தொட்டுத் துடைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பஞ்சு இழை விடும். நெருக்கமின்றி நெய்த கட்டுத்துணியும் நூல் விடும். ஓர் இழை சந்தியில் தங்கினாலும் பழைய நோய் திரும்பிவிடும். ஆகவே, பலமுறை துவைத்து நைந்த, நெருக்கமாக நெய்த பருத்தி வேட்டித் துண்டே உகந்தது. அட்டையின் தடங்களை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். கரிக்குமிழ்களை ஆல்ககால் தோய்ந்த துணியில் மெல்ல ஒருமுறை தொடுவித்தால் போதும்.

தேநீரோ குளிர்பானமோ சிந்திய பலகைக்கு மருந்தின் வரிசை மாறும். சர்க்கரை ஆல்ககாலில் எளிதிற் கரையாது, நீரிற் கரையும். எனவே, முதலில் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, பிறகு ஆல்ககாலால் துடைத்து, நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். சாதாரணக் கிணற்று நீர் உப்பை விட்டுச் செல்லும். அவ்வுப்பே நாளடைவில் களிம்புக்கு வித்தாகும்.

ஸ்பெக்ட்ரத்தின் வால் ஒடிந்தது நுனியிலாயின், ஒடிந்த பகுதியை நேராக வெட்டிவிட்டு, மீதியைச் செருகலாம். நீளம் இடந்தருமாயின் இது எளிய வழி. தடம் நடுவில் விரிந்திருந்தால், வெள்ளித் துகள் கலந்த மின்கடத்தும் பூச்சினால் இணைக்கலாம். சூட்டுக்கோலால் பற்றவைக்க முயல்வது பேதைமை, பிளாஸ்டிக் உருகிவிடும். வால் பல இடங்களில் நொறுங்கியிருந்தால் புதிய படலம் மாற்றுவதே தக்கது. பழம்பொறி ஆர்வலர்கள் இன்றும் இப்படலங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றனர்.

பி.பி.சி. மைக்ரோவில் அடிக்கடி பயன்படும் விசை ஒன்றின் இணைப்பான் கெட்டு, மாற்று கிடைக்காவிடின், அருகிப் பயன்படும் விசை ஒன்றின் இணைப்பானைக் கழற்றி இடம்மாற்றிப் பற்றவைப்பது வழக்கம். எழுத்துத் தாங்கிய மேல்மூடி மட்டும் அதனதன் இடத்திலேயே இருக்கும்.

சுருள்வில் தொலைந்தாலோ தளர்ந்தாலோ, தட்டச்சுப் பயிலகங்களுக்குப் பணிபுரிந்த பழைய பொறிவினைஞரை நாடலாம். விசையழுத்தத்தின் மென்மையையும் வன்மையையும் விரல்நுனியால் அளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கோத்ரெஜ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தட்டச்சுப்பொறி உற்பத்தியை நிறுத்தியது. அப்பொறிகள் அருகுந்தோறும் அவற்றைப் பேணிய கைகளும் அருகி வருகின்றன. அவர்களின் கைத்திறன் நூல்களில் எழுதப்படவில்லை. அவர்களோடு செல்வது அது.

செய்யத்தகாதன

மருந்து அறிந்தால் மட்டும் போதாது. நஞ்சும் அறிதல் வேண்டும். உப்புத்தாள் கொண்டு கரித்தடங்களைத் தேய்த்தால் அழுக்கோடு கரியும் நீங்கும். பின்னர் அவ்விசை என்றும் பேசாது. விசை இறுகுகின்றது என்று தேங்காயெண்ணெயோ தையற்பொறி எண்ணெயோ இடுவோர் தூசிக்கு விருந்து வைக்கின்றனர். படலத்தை வெயிலில் உலர்த்துவது நொறுங்கலை விரைவுபடுத்தும். மின்சாரம் ஓடும்போது வால்களைச் செருகுவதோ கழற்றுவதோ ஆகாது. கொமடோர் 64இன் பழைய மின்வழங்கிப் பெட்டி முதுமையில் 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை அனுப்பிச் சில்லுகளைக் கொல்லக்கூடியது. ஆதலின் அதனை அளந்து பாராமல் பொறியை இயக்குதல் தவறு.

இவையனைத்துக்கும் மேலான நெறி ஒன்று உண்டு. அதனைத் தமிழ்ப் பதிப்புலகமே கற்பித்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளிலிருந்தே பாடங்களை மீட்டார். ஏடு சிதைந்த இடத்தில் தம் புலமையால் ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட அவரால் இயலும். ஆயினும் கிடைத்ததைக் கிடைத்தவாறு காட்டி, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே விட்டார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது. அந்த வெற்றிடம் பதிப்பாசிரியரின் நேர்மைக்குச் சான்று. பழைய பொறியைப் பழுதுபார்ப்போரும் அந்நேர்மையைக் கைக்கொள்ளல் வேண்டும். எதனை மாற்றினர், எங்கே பூச்சு இட்டனர், எந்த இணைப்பானை இடம்மாற்றினர் என்று ஒரு சீட்டில் எழுதிப் பொறியின் உள்ளேயே வைத்தல் வேண்டும். திரும்பப் பெறவியலாத மாற்றம் எதனையும் செய்யலாகாது. அடுத்துத் திறப்பவர் முன்னவரின் கையை அடையாளம் காணுதல் வேண்டும்.

பேணுவது எதன்பொருட்டு?

இங்கு ஒரு தடை எழும். பழைய பொறிகளின் நிரல்களை இன்றைய கணினியிலேயே இயக்கிக் காட்டும் போலிமை மென்பொருள்கள் உள்ளன. நாடாவின் ஒலியையும் இன்றைய கணினியிலேயே பதிவுசெய்து கொள்ளலாம். பிறகு பழைய உடலைப் பேணுவது வீண் அன்றோ என்பது அத்தடை. இதில் உண்மை உண்டு. நாடா வைத்திருப்போர் முதலில் அதன் ஒலியைப் படியெடுத்துக் காப்பதே அறிவுடைமை, நாடாவும் மூப்படைவதே.

ஆயினும் படி வேறு, மூலம் வேறு. அச்சில் புறநானூறு கிடைக்கின்றது என்பதால் ஏட்டுச்சுவடியை எரிப்பார் இலர். எழுதியவர் எக்கருவியின் எல்லைக்குள் நின்று எழுதினார் என்பதைக் கருவியே கூறும். சான்றாக, ஸ்பெக்ட்ரத்தில் பயனர் தாமே வரைந்துகொள்ளக்கூடிய எழுத்துகள் 21 மட்டுமே. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாலான கட்டத்துள் அடங்க வேண்டும். தமிழின் முதலெழுத்துகளோ 30. அந்த 21 இடங்களில் எதை வைப்பது, எதை விடுப்பது, மூன்று சுழி ‘ண’வை எட்டுப் புள்ளிகளின் அகலத்தில் எங்ஙனம் அடக்குவது என்னும் இடர்ப்பாடு, அப்பொறியில் தமிழ் எழுத முற்படும் எவருக்கும் நேர்வது. பி.பி.சி. மைக்ரோவில் இயல்பு நிலையில் அத்தகைய இடங்கள் 32, முதலெழுத்துகள் அடங்கும், கொம்பும் காலும் புள்ளியும் வெளியே நிற்கும். இந்நெருக்கடியைப் படித்தறிதல் ஒன்று. அப்பொறியின் முன்னமர்ந்து, விசையழுத்தி, கண்கொண்டு காணுதல் மற்றொன்று.

தமிழ் விசைப்பலகையின் வரலாறு முழுவதும் இத்தகைய நெருக்கடியிலிருந்து பிறந்ததே. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா மலாயாவில் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்க வேண்டியிருந்தது. புள்ளி போன்ற குறிகளை உருளை நகராமலே பதிக்கும் நகரா விசைகள் அதற்குத் துணைநின்றன. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையோ, உயிரைப் பெரும்பாலும் இடக்கையிலும் மெய்யைப் பெரும்பாலும் வலக்கையிலும் வைத்து, இரண்டும் கூட உயிர்மெய் பிறக்கச் செய்தது. நெடுங்கணக்கின் பாவும் ஊடையும் அங்கே விரல்களுக்கு வந்துசேர்ந்தன.

மற்றொரு பயனும் கருதத்தக்கது. இன்றைய கைப்பேசியைப் பிரித்துப் பார்த்து, இது இவ்வாறு இயங்குகின்றது என்று ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ கண்ணாற் காட்ட இயலாது. பழைய வீட்டுக் கணிப்பொறியின் விசைப்பலகை அவ்வாறன்று. தடங்கள் கண்ணுக்குப் புலப்படும். விரலால் தொடர்ந்து செல்லலாம். எட்டும் ஐந்தும் கூடி நாற்பதாவதை எண்ணிப் பார்க்கலாம். கெட்டது ஏன் என்று கேட்கவும், விடையைத் தானே கண்டறியவும், தன் கையாலேயே திருத்தவும் இடந்தரும் பொறி அது. கருவியை அஞ்சாத தலைமுறை வேண்டுமாயின், திறந்து பார்க்கத்தக்க கருவிகள் சிலவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

நிறைவாக

பழுதுற்ற விசைப்பலகையில் எழுத்து அழிவதில்லை. எழுத்து விசையின் மேல் அப்படியே பொறிக்கப்பட்டிருக்கின்றது. பொறியின் நினைவில் அப்படியே உறைகின்றது. அறுந்தது இரண்டுக்கும் இடையிலான தொடுகை மட்டுமே. பாவும் ஊடையும் சந்திக்கும் புள்ளியில் படிந்த ஒரு தூசி, வாலில் விழுந்த ஒரு விரிசல், களிம்பேறிய ஒரு தகடு: இவற்றின் விலை அற்பம், இவற்றை அறியும் பொறுமையே அரிது. அப்பொறுமை இன்மையால், திருத்தினால் பேசக்கூடிய பொறிகள் ஊமை எனத் தீர்ப்பிடப்பட்டு எடைக்குப் போகின்றன.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, சுற்றுவட்டச் சிற்றூர்களிலோ, எவர் வீட்டுப் பரணிலேனும் அத்தகைய பொறி ஒன்று துணி போர்த்திக் கிடக்குமாயின், பழையன வாங்குவோரிடம் கொடுக்குமுன் ஒரு மாலைப்பொழுதை அதற்கு ஒதுக்குதல் நன்று. மின்வழங்கிப் பெட்டியை அளந்து பார்த்து, பொறியை இயக்கி, ஒவ்வொரு விசையாக அழுத்தி, பேசுவனவற்றையும் பேசாதனவற்றையும் ஒரு தாளில் குறித்தாலே போதும். பேசாத எழுத்துகளின் வரிசையைக் கூர்ந்து படிப்போர்க்கு, எங்கே இழை அறுந்தது என்பதை அவ்வரிசையே கூறிவிடும்.